டைனமோ சார்ஜ் ஏத்துது, ஓவர்

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கும் வயர்லெஸ் பாதியில் செத்துப்போனது. "அத்தான், தலைக்குத் துண்டு கட்டியிருக்கீங்களா, ஓவர்" என்று கேட்டேன். "கட்டியிருக்கேன், ஓவர்" என்று பதில் வந்தது. அடுத்த கேள்விக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. மணி ஒன்பது ஆறு. சாயங்காலம் நாலு மணிக்கு வள்ளம் கரையேறும்வரை நான் என்ன செய்தேன் என்று கேட்டால், எங்கள் பிள்ளை ஜியாவின் துணிகளை இரண்டு தடவை துவைத்தேன். இரண்டாவது தடவை அவை அழுக்காகக்கூட இல்லை.

அத்தானும் கஸ்பார் அண்ணனும் மட்டும் போகிற சின்ன ஃபைபர் வள்ளம் எங்களுடையது. காலை ஐந்துக்குப் போய் மாலை நாலுக்கு வருவார்கள். வள்ளத்தில் ஒரு செட்டு, வீட்டு மாடியில் கம்பம் நட்டு ஒரு செட்டு. வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் ஒரே பேட்டரியில் ஓடுகின்றன. அதைத் தினமும் தோளில் தூக்கி வந்து, ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டு, விடிவதற்குள் திரும்பத் தூக்கிப் போகிறார்கள். இஞ்சினில் அதற்கென்று ஒரு டைனமோ சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. மே மாதம் திருவிழா முடிந்ததிலிருந்து இந்தக் கூத்து.

மெக்கானிக் தாசன் வந்து பார்த்தார். "பேட்டரி வீக்கு" என்றார். போன மாதமும் அதையேதான் சொன்னார், அது வேறு பேட்டரி. போகும்போது, "இல்லன்னா கட்டவுட்டுல கோளாறா இருக்கும்" என்றார்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் மவன் ஒரு நாளும் கட்டவுட் வச்ச ஆளு கெடயாது. அதெல்லாம் வடக்குத் தெருப் பயலுவ."

தாசன் சொன்னது சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரை. நான் விளக்கவில்லை. மாமி பெருமையாக இருந்தார்.

ஜூன் 18, அந்தப் புதன்கிழமையைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

டிரங்குப்பெட்டியின் அடியில் காலேஜ் மல்டிமீட்டர் கிடைத்தது. அதற்கே பேட்டரி டவுன்.

ஜூலை 10, வியாழன்

மீட்டருக்கு உயிர் வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் வள்ளத்துப் பேட்டரி 11.4 வோல்ட். ராத்திரி முழுக்க வீட்டில் சார்ஜ் போட்டதும் விடிகாலையில் 12.7. இன்று சாயங்காலம் திரும்பவும் 11.4. போட்டதை வைத்துக்கொள்கிற பேட்டரி வீக்காக இருக்க முடியாது. கடலில் அதற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் நாலு வருஷம் ட்ரிபிள் இ படித்தேன். ஆய்வகத்தில் ஒரு டைனமோவையும் நான் தொட்டதில்லை. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதி, எல்லாம் ஒன்றுபோல இருந்தால் சந்தேகம் வரும் என்று அங்கங்கே ஒரு புள்ளியைக் கூட்டிக் குறைத்து வைத்தேன். முதல் வகுப்பு.

அத்தானிடம் மெதுவாக, "நான் ஒரு தடவை டைனமோவைப் பாக்கட்டுமா" என்றேன்.

"எங்க வச்சிப் பாப்ப?"

"வள்ளத்துல."

அத்தான் சிரித்தார். அடுக்களையிலிருந்து மாமி சொன்னார்: "பொம்பள வள்ளத்துல ஏறக்கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கல. ஆனா யாரும் ஏறினதும் இல்ல."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் கஸ்பார் அண்ணனைப் பார்க்கப் போனேன். அண்ணனுக்கு ஐம்பது வயது. வள்ளத்தின் எல்லாத் திசையும் தெரியும், வாயை மூடுகிற திசை மட்டும் தெரியாது. அதனால் ரகசியம் என்று சொல்லவில்லை. "அண்ணே, தெனமும் அந்தப் பேட்டரியத் தூக்குறது யாரு" என்று மட்டும் கேட்டேன்.

அண்ணன் தோளைத் தடவிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம எட்டு மணிப் பூசைக்கு ஊரே போயிரும் தங்கச்சி."

ஜூலை 13, ஞாயிறு

ஜியாவுக்கு வயிறு சரியில்லை என்று நான் வீட்டில் நின்றேன். முதுகுவலி என்று கஸ்பார் அண்ணன் நின்றார். ஆண்டவர் இரண்டையும் குறித்துக்கொண்டிருப்பார்.

கடற்கரையில் நண்டுகளைத் தவிர யாரும் இல்லை. வள்ளத்தின் விளிம்பில் காலைத் தூக்கிப் போட்டபோது இடி ஏதும் விழவில்லை. சேலை மட்டும் கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. ஜியாவின் காதில் பஞ்சு வைத்து, வலைக்குவியலில் துண்டு விரித்து உட்கார வைத்தேன். வலையில் கால் சிக்குமோ என்று எடுத்தேன். வெயில் படுமோ என்று இடம் மாற்றினேன். "பிள்ளைய முதுகுல கட்டிக்கம்மா, பூச முடிஞ்சிரும்" என்றார் அண்ணன். கட்டிக்கொண்டேன்.

இஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரி 12.6. அண்ணன் கைப்பிடியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றியதும் இஞ்சின் ஊரெழும்புகிற சத்தத்தில் கிளம்பியது. ஜியா அழவில்லை, என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். திரும்பப் பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 12.4. பதினாலு இருக்கவேண்டிய இடம்.

அடுத்ததாக டைனமோவின் முனையிலும் அதன் உடம்பிலும் வைத்துப் பார்த்தேன். 14.3. ஆக டைனமோ ஒழுங்காகச் சம்பாதிக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

வழியில் எங்கோ 1.9 வோல்ட் காணாமல் போகிறது. பிளஸ் ஒயர் முழுக்கப் பார்த்தேன், அதில் ஒன்றும் குறையவில்லை. மிச்சம் இருப்பது எர்த். மீட்டரின் ஒரு ஊசியை டைனமோவின் உடம்பிலும் மற்றதைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தேன். பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் 1.9 என்று சிரித்தது.

"அண்ணே, திருவிழாவுக்கு இஞ்சினுக்குப் பெயின்ட் அடிச்சது யாரு?"

"நான்தான்." குரலில் பெருமை. "மாதா நீலம். ரெண்டு கோட்டு. எல்லாத்தையும் கழத்தி, ஒரு எடம் விடாம அடிச்சி, காய வச்சிப் பூட்டினேன்."

டைனமோ உட்காருகிற தாங்கி, அதன் போல்ட்டு, எர்த் ஒயரின் வாய், எல்லாமே நீலம். கரண்ட் திரும்பி வருகிற ஒரே வாசலைப் பக்தியோடு அடைத்து வைத்திருக்கிறார். இஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, போல்ட்டைக் கழற்றி அரிவாள்மணையின் பழைய அலகால் சுரண்ட ஆரம்பித்தேன்.

"தங்கச்சி, மாதா கலரச் சுரண்டாத."

"மாதாவுக்குத் தெரியும்ணே. போல்ட்டுக்கு அடியில மட்டுந்தான்."

"அப்ப மேல திரும்பவும் ஒரு கை அடிச்சிருதேன்."

"பூட்டின பெறகு அடிங்க."

உப்புத்தாளால் தேய்த்து இரும்பின் வெள்ளையைப் பார்த்த பிறகு, டைனமோ உடம்பிலிருந்து நேராக மைனஸுக்குத் தனியாக ஒரு தடித்த ஒயரும் போட்டேன். திரும்பவும் கைப்பிடி. மீட்டரில் 13.2, 13.8 என்று ஏறி 14.1இல் நின்றது. நான் சொந்தமாக அளந்த முதல் அளவு இது. புள்ளியைக்கூட மாற்றவில்லை.

பூசை முடிந்து வந்த மாமி, "பிரசங்கம் நடக்கும்போது எவனோ இஞ்சின ஓட்டுதான். சாமியார் ரெண்டு தடவ நிறுத்திட்டாரு" என்றார்.

"வெளியூர் வள்ளமா இருக்கும்" என்றார் அத்தான், என் சேலைக் கிழிசலைப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 14, திங்கள்

நாள் முழுக்க வயர்லெஸ் வேலை செய்தது. பதினோரு தடவை பேசினேன். சாயங்காலம் பேட்டரி 12.9. ஜியாவுக்கு முத்தம் கொடுத்தேன், மீட்டருக்கும்.

ஜூலை 16, புதன்

நேற்றும் இன்றும் ஒன்பதேகாலுக்கு வயர்லெஸ் செத்துவிட்டது. "செட்டு ஆஃப் ஆயிருது, என்னன்னு தெரியல" என்கிறார் அத்தான். ஜிபிஎஸ் மட்டும் கரைக்கு வரும்வரை நன்றாக வேலை செய்ததாம். பேட்டரியை அளந்தேன். 12.9.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது எதிர்வீட்டு ரோஸ்மேரி, "என்ன ரெனி, அண்ணனுக்குச் சளி கொறஞ்சிருக்கா" என்றாள். குறைந்திருக்கிறது என்றேன். பக்கத்தில் இருந்தவள் "ஓவர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சளி விஷயத்தை மாமிதான் சொல்லியிருக்க வேண்டும். மாமிக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

ஜூலை 18, வெள்ளி

செட்டு செத்த நேரங்கள்:
செவ்வாய்: மதியத்துக்கு என்ன கட்டிக் கொடுத்தேன் என்று ஞாபகப்படுத்திய பிறகு.
புதன்: ஆவி பிடிக்கச் சொன்ன பிறகு.
வியாழன்: ஜியாவை மைக்கில் "அப்பா" சொல்லவைத்த பிறகு. (அவள் சொன்னது "ப்பூ".)
இன்று: காலில் செருப்பு இருக்கிறதா என்று கேட்ட பிறகு.

நான் பேசினால் செட்டு சூடாகி நின்றுபோகிறதோ. ஆனால் பேசுவது என் செட்டு. சூடாவதென்றால் இதுதானே சூடாக வேண்டும். கேட்கிற செட்டு ஏன் சூடாகிறது. நான் படித்தது ட்ரிபிள் இ. வயர்லெஸ் எல்லாம் பக்கத்து டிபார்ட்மென்ட்.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டாவது வாரமாக ஜியாவுக்கு வயிறு சரியில்லை.

வள்ளத்தில் ஒயர் ஒயராகப் பார்த்தேன். எங்கும் அறுந்திருக்கவில்லை, கசியவும் இல்லை. செட்டின் சொந்தக் குமிழ் உப்புக்காற்றில் இறுகி எப்போதும் ஆனிலேயே நிற்கிறது. அதனால் பலகையில் வைத்த ஒரு சுவிட்ச் வழியாகத்தான் அதற்குக் கரண்ட் போகிறது. ஜிபிஎஸ் சுவிட்சில் உப்புப் படிந்து வெள்ளையாக இருக்கிறது. வயர்லெஸ் சுவிட்ச் மட்டும் பளபளவென்று, தினமும் கட்டைவிரல் பட்டுப்பட்டு மெருகேறின மாதிரி.

சுவிட்சில் லூஸ் கான்டாக்ட் இருக்கலாம் என்று முடிவு செய்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

"அண்ணே, இந்தச் சுவிட்ச்ச யாராவது தொடுறீங்களா?"

கஸ்பார் அண்ணன் கடலைப் பார்த்தார். அண்ணன் பேசாமல் இருந்து நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.

பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ் போட்டு நேராகச் செட்டுக்கு ஒயர் இழுத்துவிட்டேன். சுவிட்சைக் கழற்றினால் அத்தானின் மனம் வருத்தப்படும். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. தட்டினால் டக்கென்று சத்தம் வரும். வேறு எதுவும் ஆகாது.

ஜூலை 21, திங்கள்

ஒன்பது மணிக்குச் சுக்குக் காப்பி குடித்தாயிற்றா என்று கேட்டேன். பதில் வந்தது. ஒன்பது பத்துக்கு, ஃபிளாஸ்க் மூடியைத் திருகி வைத்தீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

இரண்டு நிமிடம் விட்டு, "அத்தான், செட்டு நல்லாத்தான் இருக்கு. டைனமோ சார்ஜ் ஏத்துது. பேசுங்க, ஓவர்" என்றேன்.

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அத்தானின் குரல், பேயைப் பார்த்தவர் மாதிரி: "ஏ ரெனி, சுவிட்ச்ச அமத்திட்டேனே, பெறகு எப்படிக் கேக்குது, ஓவர்."

நான் மைக்கை எடுக்கவில்லை. எடுப்பதற்குள் வேறொரு குரல் வந்தது. "டெரன்சு, இன்னொரு தடவ அமத்திப் பாருல, ஓவர்." அடுத்து இன்னொன்று: "அமத்துறதுக்கு அது சுவிட்ச்சா, பொண்டாட்டில்லா, ஓவர்." மூன்றாவது ஆள் சிரிக்க மட்டும் செய்தான், ரொம்ப நேரம். அவனும் கடைசியில் ஓவர் சொன்னான்.

"இது நம்ம சேனல்" என்று அத்தான் கல்யாணமான புதிதில் சொல்லித் தந்திருந்தார். நம்ம என்றால் நாம் இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் நம்ம என்றால் புன்னந்துறையின் நாற்பது வள்ளமும்.

ஜூலை 22, செவ்வாய்

மாடிச் செட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 23, புதன்

பேசாமல் இருப்பது மூன்று நாளாவது நீடிக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உடைந்தது.

"சுவிட்ச்ச நேரடியாப் போட்டது நீதான" என்றார் அத்தான்.

"அமத்தினது நீங்கதான."

"ஒரு மனுசன் செருப்புப் போட்டிருக்கானான்னு கடல் பூரா கேட்டா என்ன செய்வான்? நேத்து ஏலக்கூடத்துல எம் பேரச் சொல்லிக் கூப்புடல தெரியுமா. 'சுக்குக் காப்பி, இங்க வால'ன்னு கூப்புடுதானுவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். எல்லாரும் கேக்குறாங்கன்னு."

"சொன்னா நீ பேசாமப் போயிருவ." தட்டைப் பார்த்தே சொன்னார். "காலையில ஒன்னு ரெண்டு தடவ நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப அமத்தாம இருந்தா என்ன. ஒரு நாள் செட்டு நெசமாவே செத்துச்சின்னா, நீங்க அமத்தினதா, வேற என்னமுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன வேற?"

நான் எழுந்து ஜியாவின் தொட்டிலை ஆட்டப் போனேன். அவள் அழவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமிதான் சொன்னார். "போன மாசம் இஞ்சின் நின்னு நீங்க ரெண்டு பேரும் மிதந்து கெடந்தியள்லா, அந்தப் புதங்கெழம. நாலு மணிக்குக் கரைக்குப் போனவ, பதினோரு மணிக்கு ஒன்ன இழுத்துக்கிட்டு வந்த வள்ளத்துக் கூட்டத்தப் பாத்த பொறவுதான் வீட்டுக்கு வந்தா. பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நின்னா. ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல."

அத்தான் என்னைப் பார்த்தார். "நான் வரும்போது வீட்டுல சோறு சூடா இருந்துச்சே. நீ ஒன்னும் சொல்லலியே."

"என்ன சொல்ல?"

"மாமி, நீங்க அங்க இல்லியே, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று மாமியிடம் கேட்டேன்.

"பின்னாலதான் நின்னேன். பக்கத்துல வந்தா ரெண்டு பேரும் அழுதிருப்போம். பிள்ள பயந்திரும்."

ஆக அதை எழுதியாகிவிட்டது.

ஜூலை 24, வியாழன்

ஒப்பந்தம்: பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் அத்தானே கூப்பிடுவார். "கேக்குதா" என்பார். நான் "கேக்குது" என்பேன். செருப்பு, ஆவி, காப்பி எதுவும் கடலுக்குப் போகாது. நானாகக் கூப்பிடக் கூடாது. சுவிட்சைத் திரும்ப இணைத்துத் தரவா என்று கேட்டேன். வேண்டாம், சத்தம் மட்டும் போதும் என்றார்.

தாசன் மெக்கானிக் வந்திருந்தார். டைனமோ எப்படிச் சரியானது என்று கேட்டார். தானாகச் சரியாகிவிட்டது என்றார் மாமி, கண்ணை இமைக்காமல்.

ஜூலை 26, சனி

பத்து: கேக்குதா. கேக்குது. ஒன்று: கேக்குதா. கேக்குது. இரண்டு வார்த்தைக்கு நடுவில் எவ்வளவு கேட்க இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் பிடிக்கப் போனேன். ரோஸ்மேரி என் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டு, "பத்து மணிக்கு எங்க வீட்டு ஆளு கொரல் ஒண்ணும் கேக்குறது இல்லியா" என்று மட்டும் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் வள்ளத்தில் செட்டு உண்டு, வீட்டில் கிடையாது.

ஜூலை 29, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மேற்கேயிருந்து கச்சான் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டுக் கூரையில். அலை பெரிதாக இல்லை, போகலாம் என்று எல்லா வள்ளமும் போய்விட்டன.

ஒன்பதே முக்காலுக்கே மாடியேறி உட்கார்ந்தேன். பத்து. பத்து மூன்று. என் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டேன். பத்து ஏழு. ஜியா என் மடியில் மைக்கின் சுருள் ஒயரைக் கடித்துக்கொண்டிருந்தாள், விட்டுவிட்டேன். பேட்டரி காலையில் 12.8, நானே அளந்தேன். எர்த் இறுக்கமாக இருக்கிறது. ஃபியூஸ் புதிது. ஒயரில் கோளாறு இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் அதிகம் பயந்தேன். கோளாறு இருந்தால் செட்டைக் குறை சொல்லலாம்.

பத்து பன்னிரண்டு. கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது. நானாகக் கூப்பிடக் கூடாது. அமுக்கவில்லை. மாமி எப்போது மாடிக்கு வந்தார் என்று தெரியாது, இந்தத் தடவை பின்னால் நிற்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

செட்டு கரகரத்தது. அத்தான் இல்லை.

"ரெனி தங்கச்சி, நான் ரோஸ்மேரி வீட்டு மிக்கேல் பேசுதேன். டெரன்சு வல இழுத்துக்கிட்டு இருக்கான், நல்ல மீன்பாடு. ரெண்டு கையும் வேலயா இருக்கு. எனக்குக் கண்ணுல தெரியுதான், ஓவர்."

நான் பதில் சொல்வதற்குள் வேறொருவர்: "எனக்கும் தெரியுதான் தங்கச்சி. துண்டு கட்டியிருக்கான், ஓவர்."

மூன்றாவது குரல், அன்று ரொம்ப நேரம் சிரித்தவன்: "செருப்பு போட்டிருக்கானான்னு இங்கேருந்து தெரியல. கிட்டப் போயிப் பாத்துச் சொல்லுதேன், ஓவர்."

பிறகு ஐந்தாறு பேர், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பேச வேண்டும், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஒன்றும் புரியவில்லை. அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் மூச்சு வாங்க அத்தானின் குரல்: "கேக்குதா, ஓவர்."

ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும், வரவில்லை. மாமி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட்டனை அமுக்கினார்.

"கேக்குதுல. காத்தப் பாத்து வா" என்றார்.

அப்புறம் பட்டனை விடவேண்டும் என்று மாமிக்குத் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்து, "எதுக்குட்டி அழுத, அவன் சின்னதுல தாமிரவருணியில இறங்க பயந்தவன், கல்யாணத்துக்கு முந்துன நாள் வரைக்கும் எம் முந்தானையப் பிடிச்சிக்கிட்டுத்தான் தூங்கினான், அவனெல்லாம் எங்கயும் போவ மாட்டான்" என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டினேன், மைக்கைக் காட்டினேன், பட்டனைக் காட்டினேன். "இரு, சொல்லி முடிச்சிக்கிடுதேன்" என்றார்.

நாற்பது வள்ளமும் வலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன. நான் மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஜியாவை மடியில் சரிப்படுத்திக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தேன்.